எந்த விரலுக்கு

கீலுங் துறைமுகத்து மீன் கிடங்குகளில் குளிர் இயந்திரம் பழுதுபார்க்கிறவர்கள் நாங்கள், ஆ-ஹெங்கும் நானும். நாற்பத்தேழு வயது வரை அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. எதையும் முடிவு செய்ய அவனுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நூடுல்ஸா சோறா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் நான் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்டவன் ஒரு மழைநாள் காலையில் சு-யுன்னிடம் கேட்டே விட்டான். சு-யுன், மீன் சந்தைக்குப் பின்னால் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவள். கணவர் இறந்து பல வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. நாங்கள் தினமும் அங்கேதான் சாப்பிடுவோம். கல்லில் முட்டை ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே பதில் சொன்னாள்.

"சரி, கட்டிக்கலாம். ஆனா மோதிரத்தை நீயே பார்த்து வாங்கணும். என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"ஏன்?"

"சோயா பால் சூடா குடிக்கிறதா, ஐஸ் போட்டுக் குடிக்கிறதான்னுகூட என்னைத்தான் கேக்குற. இது ஒண்ணையாவது நீயா பண்ணு. ரொட்டிக்கு மிளகாய் சாஸ் ஊத்தவா?"

"ஊத்தலாமா?" என்றான் ஆ-ஹெங்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

வேலைக்குத் திரும்பியதும் ஆரம்பித்தான். "டேய், அவ இடது கையில ஏற்கெனவே ஒரு மோதிரம் இருக்கே, பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். மெல்லிய மஞ்சள் வளையம். மாவு பிசைகிறபோது போடும் பிளாஸ்டிக் கையுறைக்குள்ளேயும் தெரியும்.

"அவ வீட்டுக்காரர் போட்டதா இருக்கும். அதைக் கழட்டுன்னு எப்படிச் சொல்றது? கழட்டலைன்னா நம்மளுது எங்க போகும்? செத்துப்போன மனுஷனோட ஒரே விரல்ல போய் நான் எப்படிடா நிக்கிறது?"

"நீ எதுக்கு விரல்ல நிக்கிற? பக்கத்துல நில்லு, போதும்."

அவன் சிரிக்கவில்லை.

அவனுடைய அக்கா பி-சியாவுக்குக் குழப்பமே கிடையாது. "நிச்சயத்துக்கு வலது கை நடுவிரல். தங்கம் ஒண்ணு, செம்பு ஒண்ணு, ரெண்டையும் சிவப்பு நூல்ல சேர்த்துக் கட்டணும். எனக்கு அப்படித்தான் போட்டாங்க. இதுல மண்டையை உடைச்சுக்க என்னடா இருக்கு?" என்றாள். தம்பி ஒரு வழியாகக் கல்யாணத்துக்குச் சம்மதித்த சந்தோஷத்தில் மறுநாளே எங்களை நகைக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடைப்பெண் தட்டுத் தட்டாக வைரத்தை எடுத்து வைத்தாள். "இப்பல்லாம் எல்லாரும் இடது கை மோதிர விரலுக்குத்தான் வாங்குறாங்க. மேடத்துக்கு எந்த மாதிரி பிடிக்கும், சார்?"

"முள்ளங்கி கேக் பிடிக்கும்" என்றான் ஆ-ஹெங். பிறகுதான் கேள்வி புரிந்தது போலிருக்கிறது, காது சிவந்துவிட்டது. மெதுவாகக் கேட்டான். "அந்த விரல்ல இடம் இல்லைன்னா என்ன பண்றது?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஐயோ, மேடத்துக்கு விரல்..."

"விரல் இருக்கும்மா. விரல்ல ஆள் இருக்கு."

பி-சியா அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அளவு என்ன என்று கேட்டபோது தன் சுண்டு விரலைக் காட்டினான், அப்புறம் என் சுண்டு விரலைப் பிடித்துக் காட்டினான். அன்று வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

அளவு தெரிந்துகொள்ள நான்தான் ஒரு வழி சொன்னேன். எங்கள் பையில் சின்னதும் பெரியதுமாக ரப்பர் வாஷர்கள் நிறையக் கிடக்கும். அடுத்த நாள் சாப்பிடுகிறபோது ஒரு பிடி வாஷரை மேசையில் கொட்டிவிட்டு, ஏதோ தேடுகிற மாதிரி உட்கார்ந்தோம். மேசை துடைக்க வந்த சு-யுன், "இதென்ன, ரொட்டிக்குத் தொட்டுக்கவா?" என்று ஒன்றை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றினாள், திரும்பப் போட்டுவிட்டுப் போனாள். நான் அதை லபக்கென்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எந்த விரல்ல மாட்டினா?" என்று கேட்டேன்.

"நீ பாக்கலையா?"

"நான் வாஷரைப் பார்த்தேன். விரலைப் பாக்க வேண்டியது நீ."

"நான் அவ முகத்தைப் பார்த்துட்டு இருந்தேன்டா" என்றான் பாவமாக.

அந்த வாஷர் அளவுக்கே வாங்கினான். பிளம் பூ செதுக்கிய தங்க மோதிரம். அதைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு மத்தியானம் முழுவதும் ஆனது. ஆனால் யாரையும் கேட்கவில்லை, என்னைக்கூட.

கொடுக்கும்போது துணைக்கு நானும் வேண்டும் என்றான். கூட்டம் ஓய்ந்து, சு-யுன் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரம். ஆ-ஹெங் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். மனப்பாடம் செய்து வந்ததை மூச்சுவிடாமல் சொன்னான்.

"நீ அதைக் கழட்ட வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். அவரை மறந்துடுன்னு நான் சொல்லல. இதை வலது கையில போட்டுக்கலாம். இடது கை அவருக்கு."

சு-யுன் கரண்டியைக் கீழே வைத்தாள். "எவருக்கு?"

"உன் வீட்டுக்காரருக்கு."

அவள் தன் விரலைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுவா? அவர் போட்டதை அவர்கூடவே வெச்சு அனுப்பிட்டேன். இது சந்தையில நானே வாங்கினது, முலாம் பூசினது. ஒத்தையில கடை வெச்சிருக்கான்னு தெரிஞ்சா கண்டவனும் வந்து பல்லை இளிப்பான். இதை மாட்டினதும் பாதிப் பேர் ஒழிஞ்சாங்க."

"அப்போ... என்னையும் சேர்த்தா?"

"நீ எங்கே இதையெல்லாம் கவனிக்கிற ஆளு?"

"ரெண்டு வருஷமா அதைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறக்கல" என்றான் ஆ-ஹெங்.

சு-யுன்னின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், வழியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"கேட்டிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"என்னன்னு கேக்குறது?"

அவள் குழாயடிக்குப் போய்ச் சோப்பு நுரையில் விரலைத் திருகினாள். அந்த வளையம் கழன்று வந்தது. அடியில் தோல் வெளுத்து, ஒரு கோடு போலிருந்தது. ஈரக் கையைத் துடைக்காமலே அவன் முன்னால் நீட்டினாள்.

இப்போதுதான் அவனுக்கு உண்மையான குழப்பம். இரண்டு கையும் காலி. இடது மோதிர விரலில் போட்டுப் பார்த்தான், லொடலொடவென்று சுற்றியது. வலது நடுவிரலில் போட்டான், கணுவிலேயே நின்றுவிட்டது.

"எந்த விரலுக்கு வாங்கினே?"

"சத்தியமா தெரியல" என்றான்.

"பூ நல்லா இருக்கு" என்றாள் சு-யுன். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து, பூ பிடித்ததால் அழுகிறாளா, பிடிக்காமல் அழுகிறாளா என்று என்னிடம் ஜாடையில் கேட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இருவரும் சேர்ந்தே நகைக்கடைக்குப் போய் அளவைச் சரி செய்துகொண்டு வந்தார்கள். வலது கை நடுவிரலுக்குத்தான். பி-சியா அக்காவின் வார்த்தையைத் தட்டினால் நிச்சயமே நடக்காது.

துறைமுகத்துக்கு எதிரே உணவகத்தின் மாடியில் நிச்சயம் நடந்தது. சு-யுன் சிவப்புச் சட்டையில், உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செம்பு வளையத்தோடு சிவப்பு நூலில் சேர்த்துக் கட்டிய மோதிரத்தைப் போட ஆ-ஹெங் குனிந்ததும் சத்தம் கிளம்பிவிட்டது. "டேய், அடி வரைக்கும் தள்ளு! பாதியில விட்டா காலம் பூரா அவ பேச்சைத்தான் கேக்கணும்!" என்றாள் பி-சியா அக்கா. பெண் வீட்டார் பக்கத்திலிருந்து, "விரலை மடக்கும்மா, மடக்கு! விட்டுக் கொடுக்காத!" என்று கூச்சல். சு-யுன் விரலை மடக்கினாள். மோதிரம் கணுவில் நின்றது.

ஆ-ஹெங்குக்கு வியர்த்துவிட்டது. அக்காவைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? மறுபடி அவள் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வலிக்குதா?" என்றான்.

எல்லோரும் சிரித்து ஓயக் கொஞ்ச நேரமானது. அதற்குள் அவள் விரலை நிமிர்த்திவிட்டாள்.