வீடுள்ளவர்கள்

வீட்டு வசதித் துறையிலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெயிண்டர் செய்த முதல் காரியம், சுவருக்குச் சாயம் பூசியதுதான். சுவர் என்றால் நிஜச் சுவர் இல்லை; ரயில் பாதையோரத்து மதிலில் சாய்த்து நிறுத்திய தகரங்கள். காலமெல்லாம் ஊரார் வீட்டுக்கு வண்ணம் அடித்த மனிதருக்கு, தன் இடத்துக்கு ஆள் வரும்போது தகரம் துருவோடு நிற்பது மானக்கேடாகப் பட்டது. வேலை முடிந்த இடங்களில் மீந்த டப்பாக்களை வழித்துச் சேர்த்து இளநீலம் கலந்தார். அவரும் மனைவியும் படுத்துவந்த பலகை உண்மையில் ஒரு பழைய கதவு. அதையும் தூக்கி நிறுத்தினார். பக்கத்தில் குடை விரித்துச் சாவி வெட்டும் பூட்டுக்காரர் இனாமாக ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்.

மனைவி சும்மா இருக்கவில்லை. மருத்துவமனை கேண்டீனில் பாத்திரம் கழுவும் அவள், விடுப்புச் சொல்லிவிட்டு மண் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். பொருளை ஒழுங்காக வைத்துக்கொள்பவர்களை நம்பித்தானே நல்ல பொருளைக் கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு. தெருவில் கிடப்பவர்களை மழைக்கு முன் குடியமர்த்துவது அரசின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. கட்டி முடித்த அடுக்குமாடிகள் ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்தன. பெயிண்டரின் நெஞ்சை, பெயிண்டில் கலக்கும் தின்னரும் சுண்ணாம்புத் தூசும் அரித்துவிட்டிருந்தன. இன்னொரு மழைக்காலத்தை ஈரத்தில் கழித்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

வந்தது ஒரு சின்ன வயது அதிகாரியம்மா. நல்ல மாதிரி. பூட்டுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தாள், கொடுத்த தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தாள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க" என்றாள். பெயிண்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் போகும்வரை இருமலை அடக்கிக்கொண்டே நின்றார்.

வீடு ஒதுக்கிய பட்டியலில் அவர்கள் பெயர் வரவில்லை. மனைவி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். குமாஸ்தா நீலத் தகரத்தின் படத்தைத் திரையில் காட்டினார்.

"மேல கூரை, சுத்தி அடைப்பு, தாழ்ப்பாளோட கதவு. விதிப்படி இது குடியிருப்பும்மா. உங்களை வீடுள்ளவங்கன்னு எழுதியாச்சு."

"அது தகரம் சார்."

"தகரமோ தங்கமோ. வீடில்லாதவங்களுக்குத்தான் நாங்க பொறுப்பு."

பிறகு அவரே மனசு கேளாமல் குரலைத் தாழ்த்தினார். மறுபடி பார்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம், ஆனால் எப்போது வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, வரும்போது அந்தத் தகரம் நின்றுகொண்டிருந்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான் என்றார்.

பூட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு தாழ்ப்பாள் போட்டேன், கவர்மெண்டு உன்னை ஜமீன்தார் ஆக்கிடுச்சே மாப்ள."

பெயிண்டரும் சிரித்தார். மனைவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மனு கொடுத்துவிட்டே வந்திருந்தாள்.

"பிரிச்சிடலாங்க" என்றாள்.

அவர் தகரத்தைத் தடவிப் பார்த்தார். "பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகலையே."

மறுநாள் இருவருமாகப் பிரித்தார்கள். கண்ணில் பட்டாலே வினை என்று தகரத்தையும் கதவையும் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு படுக்கை வெறும் மண்ணில்.

மழை அந்த வருடம் முந்திக்கொண்டது. பொழுது சாய்ந்ததும் அவள் மதிலில் ஒரு தார்ப்பாயைக் கட்டுவாள். வேலைக்குப் போகுமுன் அவிழ்த்துச் சுருட்டிப் பூட்டுக்காரரின் பெட்டிக்கடியில் திணிப்பாள். பகலிலும் கட்டிக்கொள் தங்கச்சி, யார் பார்க்கப்போகிறார்கள் என்று பூட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அடைமழை பிடித்த ஒரு நாள் அவள் வேலைக்குப் போனபின் பூட்டுக்காரர் பெயிண்டரின் மேல் அந்தத் தார்ப்பாயைத் தானே இழுத்துக் கட்டிவிட்டார். மதியவாக்கில் தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. துறையின் ஜீப் என்று நினைத்த பெயிண்டர் எழுந்து, முடிச்சுகளை அவிழ்த்து, பாயைச் சுருட்டித் தன் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூட்டுக்காரர் கத்தியும் கேட்கவில்லை. வந்தது சாக்கடை அள்ளும் லாரி. அது வேலையை முடித்துப் போகும்வரை, வீடில்லாதவராகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்து நனைந்தார்.

காய்ச்சல் கண்டது. அவள் கீழே பாத்திரம் கழுவ, மேலே வார்டில் அவர் கிடந்தார். இடைவேளையில் படியேறி வருவாள். "வந்தாங்களா?" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஒருநாள் காலை அவள் போனபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் மதிலடியில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் ஜீப் வந்தது. அதே அதிகாரியம்மா. சுற்றுமுற்றும் பார்த்தாள், பார்க்க ஒன்றும் இல்லை.

"இந்தத் தடவை தடை ஒண்ணும் இருக்காதும்மா" என்றாள் ஆறுதலாக. "குடும்பத்துல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"அவரைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் பார்த்துட்டுதான் எழுதணும்."

"நீங்க வந்துருவீங்கன்னு வெளியிலதாங்க உட்கார்ந்திருந்தாரு. மழையிலயும்."

அதிகாரியம்மா பூட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். அதிகாரியம்மா பேனாவை மூடினாள். பிறகு, வீடு குடும்பத்துக்குத்தான் என்றும், தனி ஆளுக்குப் பெண்கள் விடுதியில் ஒரு படுக்கைக்குச் சிபாரிசு செய்ய முடியும் என்றும், இது தன் கையில் இல்லை என்றும் சொன்னாள்.

"யார் கையிலம்மா இருக்கு?" என்று பூட்டுக்காரர் கேட்டார்.

அவள் செல்போனை எடுத்தாள். சிபாரிசுக்கும் படம் வேண்டுமாம். மனைவி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு மதிலை ஒட்டி நின்றாள். வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தாள். அது அவளுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் நடுவுல வந்து நில்லுங்கம்மா" என்றாள் அதிகாரியம்மா.

அவள் நகர்ந்து நின்றாள்.