அம்மா நம்பிய நாலு ஸ்டார்

குண்டூசி, ஹாஸ்டலில் தூங்கிவிட்டாயா? தூங்கியிருந்தால் எழுந்ததும் முதல் வேலையாக இதைப் படி. உன் அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இனி அந்த மூலிகைப் பொடி மட்டும் போதுமாம். எங்கள் அம்மாவுக்கு அதில் குணமானதைப் பார்த்துத்தான் நிறுத்தினார். எங்கள் அம்மாவுக்கு அதில் குணமாகவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்து தப்பினால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

எங்கள் அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ தட்டுவாளே, என்ன வேலை என்று நீ கூடக் கேட்டாய். ஆன்லைனில் விற்கும் பொருட்களுக்கு வாங்கினவர்கள் போல ரிவ்யூ எழுதுவதுதான் அவள் வேலை. மிக்ஸி, செருப்பு, தலைக்குத் தடவும் எண்ணெய், எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அருமையான குடை என்று எழுதிவிட்டு ஏன் நாலு ஸ்டார் போடுகிறாய் என்றேன்.

"அஞ்சு போட்டா எவனும் நம்பமாட்டான்டி. பிடி கொஞ்சம் வழுக்குதுன்னு ஒரு குறை சொல்லணும். குறை சொன்னா உடனே இது நம்ம ஆளுன்னு நெனைச்சிடுவான்."

"அப்புறம் வாங்காம போயிட்டா?"

"பிடி வழுக்குதுன்னு எவனாவது குடை வாங்காம நனைவானா? வாங்கறதைத் தடுக்காத குறையா பார்த்து சொல்லணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். தையல் ஆலையில் செக்கிங் வேலை. நாள் முழுக்கச் சட்டையைத் திருப்பித் திருப்பி, பிரிந்த நூலைத் தேடுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு பெருமை. ஃபோனில் எதையும் வாங்கும் முன் அஞ்சு ஸ்டார்களை எல்லாம் தள்ளிவிடுவார். "இவனுங்க கடைக்காரனோட மச்சான்க. நாலு போட்டுத் திட்டறான் பாரு, அவன்தான் காசு குடுத்து வாங்கினவன்" என்பார்.

அப்படித் தேடித்தான் தன் பிரஷருக்கு அந்தப் பொடியை வாங்கினார். குடிக்கத் தொடங்கி இரண்டு நாள் கழித்து, நாலு ஸ்டார் போட்ட ஒருத்தி எழுதியிருந்ததை எங்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். டப்பா நசுங்கி வந்ததாம். கசப்பு தாங்கவில்லையாம். மாமியார் கிண்டல் செய்தாராம். ஆனால் பிரஷர் இறங்கி, மாத்திரையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"மாமியார் கிண்டலை எல்லாம் சொல்றா பாரு. கட்டுக்கதைன்னா இதையெல்லாம் எழுதுவாளா?" என்றார் அம்மா.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, மாமியாருக்கு எங்கே போவாள்? அந்த ஒருத்தி அவள்தான்.

அன்றைக்கே அவள் சொல்லியும் விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அதை மறைக்கவில்லை.

"அம்மா, அதை எழுதினது நான். எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லல. மாத்திரையை நிறுத்திடாதீங்க."

அம்மா முதலில் சிரித்தார். அக்கா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியதும் முகம் சிவந்துவிட்டது. டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, நீ ஒண்ணு எழுதினே. இத்தனை பேர் எழுதியிருக்காங்களே, எல்லாரும் என் வயித்துல பொறந்தவங்களா?"

"எல்லாரும் என்னை மாதிரிதாம்மா."

"எனக்கே தெரியுதுடி. ரெண்டு நாளா தலை லேசா இருக்கு. எங்கம்மா முட்டாள்னு நிரூபிக்கணும் உனக்கு. போ, போய் எழுது."

அதற்குப் பிறகு அவரிடம் பேசவே முடியவில்லை. சொல்லச் சொல்ல இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாத்திரை அட்டை அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. அப்பா கப்பலில், ஃபோன் கிடைத்தால் உண்டு. அந்த வாரம் அம்மா ஆலையில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று சொல்லிவிட்டார். கையில் கட்டும் பிரஷர் மெஷினில் வந்த எண்ணை நான் பார்த்தேன், குண்டூசி. மாத்திரை சாப்பிட்ட நாட்களில் அவ்வளவு வந்ததே இல்லை.

காலையில் பொடியைக் கலக்கித் தருவது என் வேலை. மறுநாள் மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கி அதில் போட்டுக் கலக்கினேன். அந்தக் கசப்பில் விஷம் போட்டால்கூடத் தெரியாது. மூச்சு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். இந்த மாத்திரையை நசுக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது. தினமும் அவர் பஸ் ஏறும்வரை ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

எண் இறங்கிவிட்டது. இறங்காமல் என்ன செய்யும்?

நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு எதிரே மெஷினை வைத்துப் பார்ப்பதும், "எழுதினவளே, வந்து பாரு" என்பதுமாக இருந்தார். ஆலையில் எல்லோரிடமும் சொன்னார். தானே ரிவ்யூவும் எழுதினார். மூடி சரியாக மூடவில்லை என்று ஒரு ஸ்டாரைக் குறைத்துக்கொண்டார். அதில் பொய்யே இல்லை. அவருக்குத் தெரிந்ததை எழுதினார்.

பிறகு அதைக் கேள்விப்பட்டு உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் அம்மா தன் கையில் பட்டையைச் சுற்றி மெஷினை ஓடவிட்டுக் காட்டினார். இன்று உன் அம்மாவுக்கும் டப்பா வந்துவிட்டது. சாயங்காலம் நான் ஓடிப் போனேன். எனக்கு முன்னாலேயே எங்கள் அம்மா உங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஆன்ட்டி, மாத்திரையை நிறுத்தாதீங்க. பொடியை மட்டும் நம்பாதீங்க" என்றேன்.

"போடி, நம்பறதுக்கு என்ன இருக்கு? என் ரெண்டு கண்ணால பார்த்தேனே."

"அக்காவுக்கு ஜால்ரா" என்றார் எங்கள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எங்கள் அம்மா எதிரில் மாத்திரை விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நாளையிலிருந்து என் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அப்புறம் மாத்திரை எப்படி உள்ளே போகும்? அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். என் அம்மா பிழைத்தால் போதும் என்றுதானே அதற்கு அர்த்தம்? போன வருஷம் பிரஷர் ஏறி உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நீ எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாய். இதை நினைத்தால் படுக்க முடியவில்லை.

உன் அம்மாவை உடனே ஃபோனில் கூப்பிடு. மாத்திரையைப் போடச் சொல். உன் சிநேகிதியின் அம்மாவுக்கு எப்படிக் குணமானது என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அப்போது என் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிடு. நான் சொன்னதாக இல்லாவிட்டால் நம்பமாட்டார்.

விடிந்ததும் உன் அம்மா நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அதற்குள் அக்காவை எழுப்பிச் சொல்லப் போகிறேன். எங்கள் அம்மா எழுந்ததும் மாத்திரையை நசுக்காமல் முழுசாக அவர் கையில் கொடுப்பேன். வாங்கிக்கொள்வாரா, தூக்கி எறிவாரா, தெரியவில்லை.

நீ படித்துவிட்டாயா?