ஆமாம்சாமியின் மேல் பொத்தான்

தெருவில் பூட்டுக்காரருக்கு ஆமாம்சாமி என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் அவர் தலை தானாக ஆடிவிடும். எப்பேர்ப்பட்ட பூட்டையும் ஒரு கம்பியை விட்டுத் திறக்கிற மனிதருக்கு, இல்லை என்று சொல்ல மட்டும் வாய் திறக்காது. தங்கமான ஆள்தான். ஆனால் தங்கமாக இருந்து என்ன செய்வது?

போன வருடம் அந்தத் தலையாட்டலே வினையாகிப்போனது. வழியில் மறித்த ஒரு போலீஸ்காரர், "நேத்து கடைத்தெருப் பக்கம் சுத்துனது நீதானே?" என்று அதட்டினார். முந்தின நாள் முழுக்கக் காய்ச்சலில் வீட்டில் சுருண்டு கிடந்த மனிதர், பயத்தில் "ஆமாங்க" என்றார். பையில் பூட்டுத் திறக்கிற கம்பிகள் வேறு. கேட்கவா வேண்டும்? இரண்டு நாள் உள்ளே இருந்தார். டாக்டர் சீட்டைக் காட்டி மனைவிதான் வெளியே கொண்டுவந்தார். இன்னொரு தடவை வழக்கில் பெயர் அடிபட்டால் தொழில் உரிமம் ரத்து என்று கடிதமும் வந்தது. முப்பது வருடத் தொழில். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

மனைவி வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்பவர். மறுநாளே வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. தினமும் காலையில் கணவர் கிளம்பும்போது மனைவி வாசலில் குறுக்கே நின்று கையை நீட்டுவார்.

"வண்டிய நிறுத்து!"

வண்டி கீழே தெருவில் நிற்கும். ஆனாலும் பூட்டுக்காரர் அப்படியே நிற்பார். இரண்டு கையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பெயரைச் சொல்வார். லைசென்ஸ், வண்டிக் காகிதம், தொழில் உரிமம் மூன்றையும் காட்டுவார். அதெல்லாம் காட்டியே ஆக வேண்டியவை. மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை என்று சொல்லலாம். ஓடக் கூடாது, கை ஓங்கக் கூடாது, பொய் கூடவே கூடாது.

"பயத்துல சொல்ற ஆமாவும் பொய்தாங்க, ஞாபகம் வச்சுக்குங்க" என்பார் மனைவி. உடனே குரலை மாற்றி, "ம், பையத் திற!"

"ஆ…"

"வாய மூடுங்க! என்ன சொல்லணும்?"

"நானா சம்மதிக்கலைங்க. சட்டப்படி நீங்களே திறந்தா தடுக்க மாட்டேன். நான் போகலாங்களா?"

"போகலாம்" என்று சொல்லும்போதே அந்த அம்மாவின் போலீஸ் முகம் கலைந்துவிடும். பூட்டுக்காரர் கழுத்தை நீட்டிக் குனிவார். தினமும் போட மறக்கிற மேல் பொத்தானை மாட்டிவிட்டு மனைவி அனுப்பிவைப்பார். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஒரு நாள் மத்தியானம் பாலத்தருகே நிஜமாகவே ஒரு கை நீண்டது. காகிதங்களைக் காட்டும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது.

"முந்தாநாள் சாயங்காலம் எங்க இருந்தே? மார்க்கெட்லதானே?"

தலை ஆட ஆரம்பித்துவிட்டது. பாதியில் பிடித்து நிறுத்தினார். பிடரி வலித்தது.

"அதுக்குப் பதில் சொல்ல விரும்பலைங்க."

"பையத் திற."

"நானா சம்மதிக்கலைங்க. நீங்க சட்டப்படி திறந்தா தடுக்க மாட்டேன்." குரல் கம்மினாலும் வார்த்தை மாறவில்லை.

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருய்யா உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?"

"அதுக்கும் பதில் சொல்ல விரும்பலைங்க" என்றார் பூட்டுக்காரர். இதைச் சொல்லும்போது மட்டும் குரல்கூடக் கம்மவில்லை. பெண்டாட்டியை ஏன் இதில் இழுக்க வேண்டும்?

போலீஸ்காரர் உரிமத்தை இன்னொரு தடவை புரட்டினார். அதிலிருந்த எண்ணைப் போனில் யாரிடமோ சொல்லிச் சரிபார்த்தார். பிறகு காகிதங்களை நீட்டி, "சரி, போகலாம்" என்றார்.

பூட்டுக்காரர் கழுத்தை நீட்டிக் குனிந்தார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லைங்க… பொத்தான்" என்று வழிந்தபடி அவரே மாட்டிக்கொண்டார்.

வீட்டில் இந்த இடத்தைக் கேட்டதும் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப பயந்துட்டீங்களா?"

மறிப்பவர் யாருமில்லை, அதட்டுபவர் யாருமில்லை. பூட்டுக்காரர் நிதானமாக யோசித்தார்.

"ஆமா" என்றார்.

மேல் பொத்தான் தப்பான துளையில் மாட்டியிருந்தது. அன்றைக்கு இனி அவர் எங்கும் கிளம்பப்போவதில்லை என்று தெரிந்தும், மனைவி அதைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டார்.