முதலில் நிறுத்த வேண்டிய ஊர்

ஐந்து மாகாணங்களின் மின்கம்பிகளும் ஒன்றாக இணைக்கப்பட்ட ஆண்டில், கம்பி போய் முடிகிற ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருட்டு வந்து தேங்கியது. கணுக்கால் உயரம் இருந்தது. மேலே வெயில் வழக்கம்போல் அடித்தது. சட்டை, முகம், கூரை எல்லாம் தெரிந்தன, செருப்பு மட்டும் தெரியவில்லை. தொட்டால் ஈரமில்லை, வாசனையில்லை, துடைப்பத்துக்கு நகரவுமில்லை. மின்சாரம் திரும்பினால் போய்விடும் என்று காத்திருந்தார்கள். மின்சாரம் வந்தது, மின்விசிறிகள் சுற்றின, இருட்டு அப்படியே நின்றது. சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் கால் கட்டைவிரலை எதிலாவது இடித்துக்கொண்டு நொண்டினார்கள். அந்த ஊர்த் துணை மின்நிலையத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருந்தவள், தலைநகரத்தில் இருந்த தன் அக்காவிடம் இதைச் சொன்னபோது, மழை பெய்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்த மத்தியானம் ஊரின் மின்சாரத்தை நிறுத்தியவள் அக்காதான்.

அக்கா பொறியாளர். கூட்டு மின் அமைப்பு உருவான கதையில் முதல் நாளிலிருந்து இருந்தவள். அதற்கு முன்னால் ஐந்து மாகாணங்களும் சண்டைபோட்ட ஓரகத்திகளைப் போல ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் அணை நிரம்பி மின்சாரம் வீணாகும். பக்கத்து மாகாணத்தில் ஆலைகள் நின்றுபோகும். எல்லாக் கம்பிகளையும் ஒரே அறையிலிருந்து பார்த்துக்கொள்வது, மிச்சமிருப்பவர் விற்க, வேண்டியவர் வாங்க, ஒரு சந்தை நடத்துவது என்பதுதான் திட்டம். அதற்காக ஐந்து பேர் வருடக்கணக்கில் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அணைக்காரர், நிலக்கரிக்காரர், காற்றாலைக்காரர், ஆலைக்காரர் என்று அக்கா அவர்களை மனசுக்குள் அழைத்தாள். ஐந்தாவது மாகாணத்துக்கு, விற்க ஒன்றுமில்லாத, வாங்க மட்டுமே தெரிந்த மாகாணத்துக்கு, அவள். தலைமையகம் எங்கே என்பதில் ஒரு வருடம் போனது. யார் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கலாம் என்பதில் ஒரு கோடைக்காலம் போனது. அந்த மேசையில் உட்கார்ந்தே அக்காவுக்குத் தலை நரைத்தது. கல்யாணம் என்று ஒன்று இருப்பது மறந்தேபோனது.

கடைசியில் ஒரே ஒரு விதி பாக்கி நின்றது. மின்சாரம் சட்டென்று குறைந்தால் யாராவது ஓர் ஊரை உடனே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து மாகாணமும் சேர்ந்து விழும். எந்த ஊர் முதலில்? அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. "எங்க பக்கம் நிறுத்தற மாதிரி ஊரே இல்லைங்களே" என்று அணைக்காரர் மெய்யாகவே வருத்தப்பட்டார். பல மாதம் இழுத்தடித்த பிறகு, ஒருநாள் அக்கா தான் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னாள். அவள் போட்ட கணக்கின்படி அந்த மாதிரிக் குறைவு எப்போதோ ஒரு தடவைதான் வரும். அதோடு, ஒருத்தி தன் ஊரையே கொடுத்துவிட்டாள் என்றால் மற்ற நால்வரும் வெட்கப்பட்டு ஆளுக்கு ஓர் ஊரைச் சொல்வார்கள், முறைவைத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நால்வரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று மாலையே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதிலுக்கு அவள் கேட்டு வாங்கியது ஒரு பழைய வழக்கத்தை மட்டும். எந்த ஊரை நிறுத்தினாலும் முதலில் அந்த ஊரைக் கூப்பிட்டு "நிறுத்தலாமா?" என்று கேட்க வேண்டும். அறுவை சிகிச்சை நடக்கலாம், லிஃப்டில் யாராவது இருக்கலாம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனிதக் குரல் "நிறுத்துங்க" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தலாம். தங்கை அங்கே இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று அக்காவுக்கு ஒரு தைரியம்.

சந்தை திறந்தது, கட்டுப்பாட்டு அறை அக்காவின் பொறுப்பில் வந்தது. மணிக்கு மணி விலை ஏறி இறங்கியது. விற்பவர்கள் கொஞ்சம் பிடித்துவைத்தால் விலை ஏறும் என்று கண்டுகொண்டார்கள். வாங்குபவர்களோ, அந்த விலைக்கு வாங்குவதைவிட முதல் ஊரை நிறுத்திவிடுவது லாபம் என்று கண்டுகொண்டார்கள். எப்போதோ ஒரு தடவை என்று கணக்கிட்டது வாரம் ஒரு தடவையானது, பிறகு தினசரியானது. ஒவ்வொரு தடவையும் உயர மின்கோபுரங்களிலிருந்து இருட்டு கம்பி வழியாக இறங்கி வந்து, அதற்குமேல் போக வழியில்லாமல் ஊரில் தங்கியது. முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. கீழே விழுந்த சாவி, நாணயம், பூனைக்குட்டி எதுவும் திரும்பவில்லை. டார்ச் அதற்குள் எரிந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியவில்லை. மாடி வீட்டு வாடகை இரண்டு மடங்கானது. தங்கையின் கணவர் லாரி ஓட்டுபவர். லாரியின் விளக்குகளுக்குச் சாலை தெரியாததால் ஊருக்கு வெளியே மேட்டில் நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்தே குடும்பத்தோடு கத்திப் பேசினார். கூட்டு அமைப்பிலிருந்து வந்த ஆய்வாளர்கள் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார்கள். "வெளிச்சம்தான் எங்க இலாகாம்மா. இருட்டு நகராட்சியில வரும்" என்று சொல்லிவிட்டுக் கவனமாகக் காலைத் தூக்கி வைத்துப் போனார்கள்.

தங்கைக்கு ஒரு பெண். வீட்டில் குட்டி என்று பெயர், பெயருக்கேற்ற உயரம். அக்கா பனைமரம்போல வளர்ந்தவள், தங்கை வாயில் சின்ன வயசிலிருந்தே ஒட்டடைக்குச்சி. தங்கை குள்ளம், குட்டி அம்மாவைக் கொண்டு பிறந்திருந்தாள். அக்கா ஊருக்குப் போனபோது இருட்டு குட்டியின் மார்புக்கு வந்திருந்தது. வெறும் தலையும் தோளும் சமையலறைக்குள் மிதந்து வந்து "பெரியம்மா" என்றன. அக்கா தங்கையிடம் திரும்பினாள்.

"நீயும் குட்டியும் என்னோட வந்துடுங்க."

"நான் வந்துட்டா போன்ல யாரு பதில் சொல்றது? அந்த நாற்காலிக்கு விளம்பரம் குடுத்துப் பாத்தாச்சு. ஒரு ஈ காக்கா வரல."

"யாரும் வேண்டாம். சும்மா அடிக்கட்டும்."

"அடிச்சுட்டே இருந்தா நீ நிறுத்த முடியாது. நிறுத்தலைன்னா அஞ்சு மாகாணமும் விழும். நீதானே சொன்னே, ஒட்டடைக்குச்சி." தங்கை கண்ணுக்குத் தெரியாத அடுப்பில் பாலைப் பொங்கவிடாமல் இறக்கினாள். சூட்டைக் காதால் அறியப் பழகியிருந்தாள். "எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை லிஃப்ட். அதுல ஒண்ணுல ஒரு குட்டி இருக்க மாட்டாளா?"

அக்கா தலைநகரம் திரும்பி நீள மேசையைக் கூட்டினாள். வேறு ஓர் ஊர் முன்வந்தால் முதல் ஊரின் பெயரை எடுத்துவிடலாம் என்று விதியிலேயே இடமிருந்தது. ஆலைக்காரர் தன் ஊர்களில் வேலை பார்ப்பவர்களைப் பற்றிச் சொன்னார். காற்றாலைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஓய்வு பெற்றார். நிலக்கரிக்காரர்தான் கொஞ்சம் ஈரமுள்ளவர். "அந்தப் பொண்ணுக்கு உயரமா செருப்பு வாங்கிக் குடுங்களேன்" என்றார். கிண்டலாக இல்லை, மனசாரச் சொன்னார். அக்கா செருப்பும் வாங்கி அனுப்பினாள். குட்டி வளர்ந்தாள், இருட்டும் வளர்ந்தது, இருட்டுக்குத்தான் போஷாக்கு அதிகம். ஒவ்வொரு மத்தியானமும் அக்கா கூப்பிட்டு "நிறுத்தலாமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தங்கை ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தாள். தங்கை ஒவ்வொரு தடவையும் "நிறுத்துங்க" என்றாள். வேலை நேரத்தில் அக்காவை நீங்கள் என்றுதான் சொல்வாள்.

குட்டியின் தலை மூழ்கிய வாரத்தில் தங்கை அவள் இடுப்பில் ஒரு வாயு பலூனைக் கட்டிவிட்டாள். சிவப்பு. அது இருட்டுக்கு மேலே ஒரு முழம் நின்றது. மற்ற அம்மாக்களும் அதையே செய்தார்கள். பள்ளி விடும் நேரத்தில் தெரு நிறையப் பலூன்கள் மட்டும் வரிசையாக வரும், அடியிலிருந்து சிரிப்பும் வாய்ப்பாடும் கேட்கும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒன்று பிரிந்து உள்ளே போகும். பார்க்க அழகாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு ஒருநாள் ஒரு மஞ்சள் பலூன் நூல் அறுந்து கூரைகளுக்கு மேலே தனியாகப் போனது. அது தையல்காரரின் மகனுடையது. கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் தேடினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், முதல் இரண்டு நாள் பதில் வந்தது. தையல்காரர் கடையைச் சாத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்து மெல்லிய குரலில் பையனைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் அக்கா நீள மேசையைக் கூட்டவில்லை. இடமாற்றத்துக்கு எழுதிக்கொடுத்தாள். ஐந்து மாகாணத்தையும் ஆள்கிற அறையிலிருந்து கடைசித் துணை மின்நிலையத்தின் தொலைபேசி நாற்காலிக்கு யாரும் அதுவரை போனதில்லை; எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அலுவலகம் குழம்பியது. ஒரே பெட்டியோடு வந்து இறங்கினாள். இருட்டு அவள் கழுத்துக்கு இருந்தது. தங்கை மாடிப்படியில் நின்று பார்த்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"நான்தானே பேர் சொன்னேன். நாற்காலியை விடு."

"அக்கா."

"கிளம்புடி. மத்தியானம் போன் வந்துடும்."

சிவப்புப் பலூனைப் பிடித்து இழுத்துக் குட்டியை மேலே தூக்கினார்கள். அக்கா அவளைத் தோளில் உட்காரவைத்து, இருட்டுக்குள் தட்டித் தடவி மேடுவரை நடந்தாள். லாரியின் முன்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்ததும் குட்டி வெயிலைப் பார்த்து வீறிட்டு அழுதாள். தலைநகரத்துக்குப் போன பிறகும் பல வருடம் அவள் தலைமுடியிலிருந்து இருட்டு போகவில்லை. சீவும்போதெல்லாம் சீப்பில் ஒட்டிக்கொண்டு வரும், தங்கை அதை ஜன்னலுக்கு வெளியே உதறுவாள். கட்டிலுக்கு அடியில்தான் குட்டிக்குத் தூக்கம் வரும். மற்றபடி நன்றாகப் படித்தாள்.

அக்காவின் தலை எப்போது மூழ்கியது என்பதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அவள் நாற்காலியில் ஒரு பலூன் கட்டியிருந்தது, கம்பி வேலைக்கு வருபவர்கள் மாடியிலிருந்து அதைப் பார்த்து "அம்மா, சௌக்கியமா?" என்று கேட்பார்கள், கீழேயிருந்து பதில் வரும். பலூன் தளர்ந்தால் மாற்றிக் கட்டிக்கொள்வாள். தங்கை மாதாமாதம் ஒரு பொட்டலம் பலூன் அனுப்பினாள். ஊரில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் மாடிக்கும் மாடிக்கும் பலகை போட்டு வாழ்ந்தார்கள். சிலசமயம் தெருவிலிருந்து ஒரு பையன் வந்து அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள். கம்பி வேலைக்காரர்கள் வழியாக அதைக் கேள்விப்பட்ட தையல்காரர், அளவெடுக்காமலேயே ஒரு சட்டை தைத்து, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். கயிறு வெறுமையாகத் திரும்பி வந்தது. கூட்டு அமைப்பு தன் வெள்ளி விழாவைக் கொண்டாடியது. ஐந்து மாகாணங்களும் ஒருநாள்கூட விழவில்லை என்று மேடையில் சொன்னார்கள், அது உண்மை. அக்காவுக்கு ஒரு கேடயம் அனுப்பினார்கள்.

குட்டி பொறியியல் படித்து முடித்தாள். வேறு எத்தனையோ வேலைகள் இருந்தும் கூட்டு மின் அமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்தாள். தங்கை ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. முதல் நாள் மத்தியானமே மின்சாரம் குறைந்தது. திரையில் சிவப்பு ஓடியது, பின்னால் நின்ற மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். குட்டி தொலைபேசியை எடுத்தாள். அந்தப் பக்கம் உடனே எடுத்தார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி அவள் வாயில் வரவில்லை. "அங்க எவ்வளவு உயரம் பெரியம்மா?" என்றாள்.

"மாடியில பாதி. அது கிடக்கட்டும், சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மணி ஆகுது பாரு. கேளு."

"நிறுத்தலாமா பெரியம்மா?"

"நிறுத்து கண்ணு."

குட்டி நிறுத்தினாள். ஐந்து மாகாணங்களிலும் விளக்குகள் கண் சிமிட்டாமல் எரிந்தன. கம்பி முடிகிற ஊரில் மத்தியான வெயிலுக்கு நடுவே இருட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது. துணை மின்நிலையத்தில், யாருடைய கையோ தெரியவில்லை, பலூனின் நூலை அவிழ்த்து ஒரு சாண் நீட்டிக் கட்டியது.