தம்பி ட்யூன் செய்த வண்டி

கூரியர் ஆபீசில் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் புயல் இன்று காலை வேலையை விட்டுவிட்டது. சம்பளமெல்லாம் பெட்ரோலுக்கே போனால் யாருக்குத்தான் கட்டுப்படியாகும்? மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும் அவளுடைய ஏரியாவை அவள் கண் முன்னாலேயே ஒரு புது ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

வண்டி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் அவளாவது, வேலையை விடுவதாவது! சில மாதங்களாகத்தான் இந்தக் கேடு. தம்பி பாவம், ஞாயிறு தவறாமல் வந்து கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, துடைத்து மாட்டினான். கைராசிக்காரன் என்று பேர் எடுத்த மெக்கானிக். "வண்டி பழசாயிடுச்சுக்கா, நான் என்ன பண்றது?" என்பான். கிரீஸ் அப்பிய அவன் கையைப் பார்த்து அவள் உருகிப்போவாள். கணவனும் தன் பங்குக்கு, "உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? விட்டுடேன்" என்பான்.

ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் வண்டி இருமியது. கருப்பாகப் புகை கக்கிவிட்டு நின்றே போனது. நல்லவேளையாக எதிரிலேயே ஒரு ஒர்க் ஷாப். அங்கிருந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. கார்புரேட்டரையும் பிரித்து, உள்ளே இருந்த ஊசியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த ஊசி மேல ஏற ஏறப் பெட்ரோல் அதிகமா போகும். ஊசியில இருக்கற கிளிப்பை நடுவுல போடணும். இங்க பாருங்க, அடியில கடைசிப் பள்ளத்துல கிடக்கு, அதான் ஊசி ஏறி நிக்குது. காத்து ஸ்குருவை வேற இறுக்கி வெச்சிருக்கு. குடிக்காம என்ன பண்ணும்? எந்தக் கத்துக்குட்டிம்மா கை வெச்சான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "என் தம்பிதான். அவனுக்குத் தொழில் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் கார்புரேட்டர் செட் பண்ணுவான்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஆமாம், தெரியாமல் செய்கிற ஆள் இல்லையே அவன்.

"கிளிப்பைத் தொடாதீங்க. இருந்தபடியே மாட்டுங்க" என்றாள். பிளக்கைத் துடைத்து மாட்டியதும் நேரே தம்பியின் பட்டறைக்கு விட்டாள்.

"கிளிப்பை ஏன்டா கடைசியில போட்ட?"

அவன் ஸ்பேனரோடு வேறு வண்டிப் பக்கம் திரும்பினான். அவள் நகர்வதாக இல்லை.

"மச்சான்தான்க்கா கெஞ்சினாரு. நேரா சொன்னா வீட்டுல சண்டை வரும், கட்டுப்படியாகலன்னா அவளே விட்டுடுவான்னாரு. உன் நல்லதுக்குத்தானேன்னு..."

"ஒவ்வொரு ஞாயிறும் என் கையால சாப்பிட்டுட்டுத்தானடா இதைப் பண்ணின!"

கணவனை நினைத்தால் ஆத்திரம் வந்தது. அவனிடம் சண்டை போட்டுக்கொள்ளலாம். தம்பி செய்ததுதான் நெஞ்சை அறுத்தது. ஊர் முழுக்க இவனைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொண்டு திரிந்தாளே! அவமானத்தில் கண் கலங்கியது.

தம்பி பதறிப்போய் வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டான். ஸ்குருடிரைவரைத் தேடி எடுத்தான்.

"மன்னிச்சுடுக்கா. இப்பவே சரி பண்ணித் தர்றேன். லிட்டருக்கு அறுபது குடுக்கும். நாளைக்கு வேலைக்குப் போறப்ப நீயே பாரு."

"எந்த வேலைக்குடா?" என்றாள் அவள்.