எடுத்துட்டாங்களாம்

"மாமா, என் பாஸ்போர்ட்டை எங்க வச்சிருக்கீங்க? எடுத்துக் குடுங்க."

கேட்டே விட்டாள். அக்கா கையிலிருந்த பால் புட்டி நழுவி மேஜைமேல் உருண்டது. கிளம்புகிற அன்று அம்மா விமான நிலைய வாசலில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "மாப்பிள்ளைகிட்ட எதையும் திருப்பிக் கேட்டுடாதே. உங்க அக்கா அங்க வாழணும்."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாமா நிமிரவில்லை.

"அதான் பஸ்ல களவு போச்சுன்னு உங்கக்கா தலையில அடிச்சுக்கிட்டு அழுதாளே. பட்டதாரியம்மா காதுல விழலையோ?"

"விழுந்துச்சு. அதான் கேக்கறேன்."

அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்கத்தான் இவள் கடல் தாண்டி வந்தாள். வந்து இறங்கிய அன்றே மாமா பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். "சின்னப் பொண்ணு, எங்கயாவது போட்டுடுவே. என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்." இருந்தது. ஊரிலிருந்து வேலை உத்தரவு வரும்வரை பத்திரமாகத்தான் இருந்தது. அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள், மாதச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆளும் இவள்தான். சொன்ன தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அதே சமயத்தில் அக்காவின் பிரசவ விடுப்பும் முடிய இருந்தது. "பச்சைக் குழந்தையை வெளியாள்கிட்ட விடறதா?" என்று மாமா யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள், டிக்கெட் விஷயமாக ஏஜென்டிடம் காட்ட அக்கா எடுத்துப்போன பாஸ்போர்ட் பஸ்ஸில் காணாமல் போனது. பர்ஸ் இருந்தது. போன் இருந்தது. பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்கூட இருந்தது. திருடனுக்கு இவளுடைய அழுமூஞ்சிப் படம் ஒட்டிய புத்தகம் ஒன்றுதான் தேவைப்பட்டிருக்கிறது.

"போலீசுக்கு நான் போய்க்கறேன், நீ அலையாதே" என்றார் மாமா. போகவில்லை. இவள் தூதரகத்துக்கு போன் போட்டு விசாரித்தாள். புகார் கொடுத்த நகல் இருந்தால் ஊர் திரும்ப மட்டும் ஒரு தற்காலிகப் பத்திரம் தருவார்களாம், ஆனால் பாஸ்போர்ட்டுக்கு உரியவரே ஸ்டேஷனுக்கு நேரில் போக வேண்டுமாம்.

அப்போதும்கூட இவள் பாதி நம்பிக்கொண்டுதான் இருந்தாள். கூடப் பிறந்தவள் அழுகிறாளே. சந்தேகப்பட்டால் நாக்கு அழுகிவிடாதா?

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா அம்மாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "ஆமாம்மா, பஸ்லதான். ஜிப்பைத் திறந்து யாரோ எடுத்துட்டாங்களாம்."

எடுத்துட்டாங்களாம். நுரை வாயிலேயே நின்றது. தன் தோளில் தொங்கின பையில் நடந்ததற்கு யாராவது 'ஆம்' போடுவார்களா? அது பக்கத்து வீட்டுச் சங்கதிக்குப் போடுவது. யாரோ சொல்லக் கேட்டதற்குப் போடுவது.

இப்போது அக்கா பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா, பை உன் தோள்லதானே இருந்துச்சு?"

"ஆமா."

"அப்புறம் அம்மாகிட்ட ஏன் 'எடுத்துட்டாங்களாம்'னே? உனக்கு யாரு சொன்னா?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

"வாய் தவறி வந்திருக்கும். ஒரு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறா பாரு" என்றார் மாமா. "இதுக்குத்தான் பொம்பளைப் பிள்ளையை ரொம்பப் படிக்க வைக்கக் கூடாதுங்கறது."

"இதுக்கெல்லாம் படிப்பு எதுக்கு மாமா? எங்கக்காவுக்குப் பொய் சொல்ல வராதுன்னு தெரிஞ்சா போதும். நான் ஸ்டேஷனுக்குப் போறேன். புகார் பதிஞ்சுட்டா பழசு செல்லாதாம், அப்புறம் கிடைச்சாலும் வெறும் காகிதமாம். தூதரகத்துல சொன்னாங்க. இது நிஜமாவே நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட 'ஆம்'."

மாமாவின் குரல் சட்டென்று வெண்ணெயானது. "அவசரப்படாதம்மா. இன்னிக்கு ஒரு பொழுது பொறு. வீட்டை நல்லா ஒரு தடவை தேடிப் பாத்துடலாம்."

"பஸ்ல போனதை வீட்ல எதுக்குத் தேடணும்?"

சட்டைக் காலர் கருகுகிற வாசனை வந்தது.

அக்கா பின்னாலேயே அறைக்குள் ஓடிவந்தாள். "பஸ்ல போச்சுன்னே சொல்லிடுடி. அவர் பேரை மட்டும் இழுத்துடாதே. நீ போயிடுவே, நான் இங்கதானே குப்பை கொட்டணும்?"

"அப்படிச் சொன்னா உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. எந்த பஸ், எந்த ஸ்டாப்புன்னு. என்ன சொல்லுவே?"

அக்கா முந்தானை நுனியைச் சுருட்டினாள். இரக்கப்பட்டு இன்று பஸ் கதையைச் சொன்னால், நாளைக்கு அந்தக் கதைக்கு இவளும்தான் பொறுப்பு.

"வந்து இறங்கின அன்னிக்கு மாமா வாங்கி வச்சாரு. அதுக்கப்புறம் நான் அதைக் கண்ணால பாக்கலை. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்க்கா. இதைத்தான் சொல்லுவேன்."

கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மாமா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் படியைத் தாண்டினா மறுபடி உள்ள வர முடியாது, சொல்லிட்டேன்."

"நகருங்க மாமா."

குழந்தை அழத் தொடங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பிய இடைவெளியில் கதவைத் திறந்தாள். லிஃப்ட் எந்த மாடியிலோ நின்றிருந்தது. அதற்காகக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள்.