லிஃப்டைப் பார்த்துக் கல்லூரி

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அதன் லிஃப்டில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுத்தான் மனிதர்களிடம் பேசுவார். தங்கைக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்திலும் அதே கூத்துதான்.

தங்கையை வீட்டில் பம்பரம் என்போம். மாடியில் மழையை அளப்பாள், வண்டுகளின் கால்களை வரைவாள், யாரும் பேசாத ஏதோ ஒரு பழைய மொழியின் எழுத்தை எழுதிப் பழகுவாள், தண்ணீர்க் குழாயை அறுத்துப் புல்லாங்குழல் செய்வாள். எதையும் பாதியில் விட மாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சல். விட்டிருந்தால் திட்டவாவது வழி இருந்திருக்கும்.

முதலில் பார்த்தது பெயர் பெற்ற கல்லூரி. கணிதத்தில் இடம் தந்திருந்தார்கள். அன்று மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சேர்ந்துவிட்டால் கணிதம் மட்டும்தான், மாறவே முடியாது. லிஃப்ட் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்பாவுக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது.

"பக்கத்து டிபார்ட்மென்ட்ல போய் உக்காந்து பாடம் கேக்கலாமா?" என்றாள் பம்பரம்.

"எதுக்கும்மா?" என்றார் அங்கிருந்த அலுவலர். பாவம், நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

இரண்டாவது கல்லூரிக்கு அவள் கெஞ்சிக் கூத்தாடியதால் போனோம். அங்கே முதல் வருடம் பிடித்ததையெல்லாம் படித்துப் பார்க்கலாம், பிறகு முடிவு செய்துகொள்ளலாம். கட்டடம் சுமார். லிஃப்ட் அதைவிட மோசம், ஒவ்வொரு மாடியிலும் ஒரு குலுக்கல்.

"பிரேக் சரியில்ல," என்றார் அப்பா. அவ்வளவுதான், அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பம்பரத்தைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். மோட்டார் அறை திறந்து கிடந்தது.

"தொடாதீங்கப்பா, இதென்ன நம்ம வீடா?"

"சும்மா பாக்கறேன்டி."

சும்மா பார்ப்பதற்காக மெயின் சுவிட்சை அணைத்தார். லிஃப்ட் கீழே காலியாக நிற்கிறது என்று அவர் நினைப்பு. பம்பரம் என்றைக்குச் சொன்ன இடத்தில் நின்றிருக்கிறாள்? இரண்டு மாடிகளுக்கு நடுவிலிருந்து அபாய மணி அலறியது. மெயினைத் திரும்பப் போட்டார். அந்தக் கிழட்டு மோட்டார் அசைந்தே கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கையாலேயே மோட்டார் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்க ஆரம்பித்தார். நான் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி, மணி கேட்ட மாடியின் லிஃப்ட் கதவில் காதை வைத்தேன். அழுகைச் சத்தம் கேட்கும் என்று பயந்தேன். உள்ளே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"மழை நாள்ல என் மேளத்துத் தோல் ஏன் சார் தொங்கிப் போகுது?" என்றது ஒரு பையன் குரல்.

"தோல் ஈரத்தைக் குடிக்கும்ல? என் களிமண்ணும் அப்படித்தான் ஊதிக்கும்," என்றாள் ஒரு பெண். மண் ஆராயும் ஆசிரியையாம், பிறகு தெரிந்தது.

"பழைய தோல் ஏடுங்ககூட நெளிஞ்சிடும்மா," என்றார் ஒரு வரலாற்று ஆசிரியர்.

"அப்போ எந்த வருஷம் மழை ஜாஸ்தின்னு அந்த நெளிசலை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?"

அது எங்கள் பம்பரம். "தெரியலையேம்மா," என்றார் வரலாறு, "யாராவது பாத்தாத்தான் தெரியும்." உடனே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கே உள்ளே போய் நின்று கேட்க வேண்டும்போல இருந்தது.

ஒருவழியாக லிஃப்ட் தரைக்கு வந்து கதவு திறந்தது. யாருக்கும் வெளியே வர மனமில்லை. அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார், அவர் பின்னாலேயே திட்டிக்கொண்டு காவலாளி. அப்பா அசடு வழிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பம்பரம் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பயந்துட்டியாம்மா? அப்பா தப்புதான்..."

"இல்லப்பா. என்ன படிக்கப் போறேன்னு கேட்டாங்க. வண்டு, மழை, எழுத்து, குழல்னு எல்லாத்தையும் சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "யாருமே சிரிக்கலப்பா."

வீட்டில் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அன்பாகத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் திட்டி முடிக்காத காவலாளியின் பக்கம் அப்பா திரும்பி, "அட்மிஷன் ரூம் எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார்.